அந்த இரவு அம்மா ஏன் அப்படிப் பேசினார்?

கேள்வி: எனக்கு 46 வயது. மேற்கு மாம்பலத்தில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு 73 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல்லும் உண்டு. தூக்கத்துக்காகப் பல ஆண்டுகளாக இரவில் அல்ப்ரஸோலம் போடுவார். பத்து வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாளே முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்று மாலை நன்றாகப் பேசினார். இரண்டாம் நாள் இரவு எல்லாம் மாறிவிட்டது. "மாடியில் கல்யாணத்துக்குச் சமைக்கிறார்கள், என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்றார். இறந்துபோன பெரியம்மாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். அண்ணி கொடுத்த பாலில் விஷம் இருப்பதாகக் கத்தினார். கையைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். தூக்க மாத்திரையை அங்கே கொடுக்கவில்லை; தொலைந்துவிடும் என்று கண்ணாடியையும் காது மெஷினையும் நாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தோம். நான்கு நாட்களில் தெளிந்துவிட்டார். ஆனால் இன்னும் பழைய அம்மா இல்லை. சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார். தினமும் சொல்லும் சுலோகத்தில் நடுவில் நின்றுவிடுகிறார். முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிறார். மயக்க மருந்து அதிகமாகிவிட்டது, முதுகில் ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறது, இந்த ஆண்டில் இரண்டு முறை வலி வந்துவிட்டது, அதையும் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்னொரு முறை மயக்க மருந்தா என்று அண்ணன் பிடிவாதமாக மறுக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தூக்க மாத்திரை நின்றதும், கண்ணாடியும் காது மெஷினும் வீட்டுக்குப் போனதும் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. மயக்கவியல் மருத்துவராக என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் வீட்டில் எல்லோரையும் அலைக்கழிக்கும் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அன்று கொடுத்த மயக்க மருந்து இப்போது உங்கள் அம்மாவின் உடலில் இல்லை. நரம்பில் ஏற்றும் ப்ரொபோபோல் போன்ற மருந்து சில நிமிடங்களிலேயே மூளையை விட்டு விலகி, தசைக்கும் கொழுப்புக்கும் பரவி, பிறகு கல்லீரலில் சிதைந்து சிறுநீரில் போய்விடும். அறுவை நடக்கும் நேரம் முழுவதும் மூச்சோடு கொடுக்கப்படும் செவோஃப்ளூரேன் போன்றவை, வந்த வழியாகவே, மூச்சிலேயே வெளியேறுகின்றன. நோயாளி விடும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது எங்கள் மானிட்டரில் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். தையல் போடும்போது மருந்தை நிறுத்திவிட்டு, அந்த எண் இறங்கி இறங்கிச் சுழியை நெருங்குவதைப் பார்த்தபடிதான் நோயாளியின் தலைமாட்டில் நிற்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, சொன்னபடி கையை இறுக்கிப் பிடிக்கிறாரா, தலையைத் தூக்கிச் சில விநாடிகள் நிறுத்த முடிகிறதா, தானாக ஆழ்ந்து மூச்சு விடுகிறாரா என்று பார்த்த பிறகே தொண்டைக் குழாயை எடுப்போம். அதன் பிறகும் மிச்சம் மீதி மந்தம் ஒரு நாள் வரை இருக்கும். அதனால்தான் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, தனியாக அடுப்படியில் நிற்கக் கூடாது என்கிறோம். பத்து வாரங்கள் அல்ல.

அளவு அதிகமாகிவிட்டதா என்ற சந்தேகத்துக்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் மயக்க வாயுவின் தேவை ஏறத்தாழ ஆறு சதவீதம் குறைகிறது. முதியவர்களுக்கு அதைக் கணக்கிட்டே கொடுக்கிறோம். அப்படியும் அளவு கூடியிருந்தால், கண் விழிப்பது தாமதமாகும், அன்று முழுக்க மயங்கிக் கிடப்பார். உங்கள் அம்மாவோ அன்று மாலையே நன்றாகப் பேசியிருக்கிறார். தெளிந்தவர், ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டாம் நாள் இரவில் குழம்பியிருக்கிறார். அந்த இடைவெளிதான் முக்கியமான தடயம்.

அவருக்கு வந்ததை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். பைத்தியமல்ல, பக்கவாதமல்ல, மறதி நோயும் அல்ல. முதியவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மூன்று நாட்களில், பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு தலைதூக்கும் திடீர் மனக்குழப்பம் அது. காலையில் நன்றாகப் பேசுவார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார். இரவில் வேறு ஆளாகிவிடுவார். இப்படி ஏறி இறங்குவதே அதன் அடையாளம். பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் முதியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பேருக்கு இது வருகிறது. இடுப்பு எலும்பு முறிவில் இன்னும் அதிகம். கத்துபவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் இதே குழப்பம் பலருக்குச் சத்தமில்லாமல் வரும். சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், சாப்பாட்டை வாயில் அடக்கிக்கொண்டே இருப்பார். "அசதியில் தூங்குகிறார், எழுப்பாதீர்கள்" என்று நாமும் விட்டுவிடுவோம். கத்துகிறவரைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

எலும்பு முறிந்த வலி, இரத்த இழப்பு, வெட்டுக் காயத்துக்கு உடல் காட்டும் அழற்சி, தூக்கமின்மை, புது இடம் எல்லாம் ஒரே நேரத்தில் சேரும்போது வயதான மூளை திணறுகிறது. அதன் மேல் இன்னும் ஒரு சிறு காரணம் வந்து உட்கார்ந்தால் போதும். அந்தச் சிறு காரணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடலிறக்க அறுவை முடிந்த மறுநாள் இரவு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, என்னை விடுங்கள் என்று கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தார். மகன்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். தூக்க ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரைக்கும் கல் மாதிரி இறுகியிருந்தது. அறுவைக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் பிரியவே இல்லை. கேட்கவும் அவருக்குத் தெரியவில்லை. குழாய் வைத்ததும் பை நிரம்பி, ஒரு லிட்டருக்குப் பக்கமாக வந்தது. அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். தூக்க ஊசி போட்டிருந்தால் அந்த வயிறு அப்படியே இருந்திருக்கும், குழப்பம் இன்னும் கூடியிருக்கும்.

சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், அடங்காத வலி, காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறங்குவது, இரத்தத்தில் சோடியம் குறைவது என்று பார்க்க வேண்டியவை பல. கடைசியாகச் சொன்ன சோடியத்தை நம் ஊரில் அடிக்கடி பார்க்கிறேன். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு, சாப்பாடு குறைந்து வெறும் தண்ணீரும் டிரிப்ஸும் ஏறும் நாட்களில் அது சட்டென்று இறங்கிவிடும். மருந்துகளும் சேர்ந்துகொள்ளும். அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் சாதாரணமாகப் போடும் அவில் ஊசி, தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப், சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை இளைஞர்களுக்குத் தூக்கத்தை மட்டும் தரும். எழுபது வயதுக்காரருக்குக் குழப்பத்தையே கொண்டுவரும். மாடியில் கல்யாணச் சமையல் நடப்பதாக அம்மா சொன்னதற்கும் விளக்கம் உண்டு. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் கனவு காணும் உறக்கம் அமுங்கிப்போய், அடுத்து வரும் இரவுகளில் பல மடங்காகத் திரும்பும். அரை விழிப்பில் இருப்பவருக்கு அந்தக் கனவு எது, வார்டு எது என்று பிரித்தறிய முடியாது.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். அல்ப்ரஸோலம் பல ஆண்டுகளாகப் போட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் பதற்றம், நடுக்கம், தூக்கமின்மை, சில சமயம் மனக்குழப்பம் வரும். இரண்டாம் நாள் இரவு என்ற கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பங்கு வகித்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் மறைத்தீர்கள் என்றோ, அவர்கள் மறந்தார்கள் என்றோ பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் தூக்க மாத்திரையை யாரும் ஒரு மருந்தாகவே எண்ணுவதில்லை. சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். தினமும் மது அருந்துபவர்கள் விஷயத்திலும் இதே கதைதான்; வீட்டுப் பெண்கள் சொல்லத் தயங்குவார்கள், மூன்றாம் நாள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கும். எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்வதற்காக நாங்கள் கேட்பதில்லை.

கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் அந்த வார்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எதிரே வருபவரின் முகம் கலங்கலாக இருக்கிறது. பேசுவது முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஏசி அறையில் ஜன்னல் இல்லை, பகலா இரவா தெரியாது. முகக்கவசம் போட்ட யாரோ கையைப் பிடித்து ஊசி குத்துகிறார். அவருக்குப் பாலும் விஷமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கையைக் கட்டியது அந்தப் பயத்தை இன்னும் கூட்டியிருக்கும். ஊசியைப் பிடுங்காமல் இருக்க வேறு வழி தெரியாமல் செய்திருப்பார்கள், இரவில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஷரோன் இனூயி என்ற முதியோர் நல மருத்துவர் தம் குழுவோடு, மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்கு இப்படிப்பட்ட கவனிப்பை முறையாகக் கொடுத்துப் பார்த்தார். கண்ணாடி, காது மெஷின், இன்று என்ன கிழமை என்ற பேச்சு, எழுந்து நடப்பது, தண்ணீர், இரவில் தொந்தரவில்லாத தூக்கம் என்று எல்லாம் எளிய காரியங்கள். டெலிரியம் வந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைந்தார்கள். இந்த அளவுக்குத் தடுக்கும் மாத்திரை இன்று வரை எங்கள் கையில் இல்லை.

உங்கள் உறவினர்களின் சந்தேகத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மருத்துவர்களுக்கே அது நெடுங்காலம் இருந்தது. 1955-இல் பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மயக்க மருந்து முதியவர்களின் மூளைக்குக் கேடு செய்கிறது என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். தவிர்க்கவே முடியாத அறுவையை மட்டுமே முதியவர்களுக்குச் செய்யுங்கள் என்றார். அது சரியா என்று பார்க்கப் பலரும் முயன்றார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்பு வரை மரத்துப்போகச் செய்தால் மூளை தப்பிக்கும் என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதுகு ஊசி, மறு பாதிக்கு முழு மயக்கம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். டெலிரியம் இரு பக்கத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது. அடுத்த ஆண்டு வெளியான ஒரு சீன ஆய்விலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தவிர, உங்கள் அம்மா க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். அந்த மருந்து உடலில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. மருந்தின் வேகம் தணிய ஐந்து முதல் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். இடுப்பு முறிவோடு அத்தனை நாள் படுக்கையில் கிடப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மறுநாளே முழு மயக்கத்தில் செய்தது சரியான முடிவு. அண்ணனிடம் இதை என் சார்பில் சொல்லுங்கள்.

இன்றைய மறதிக்கு வருவோம். அறுபது வயதைத் தாண்டி, பெரிய அறுவை செய்துகொண்ட 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு முன்னும் பின்னும் நினைவாற்றல் சோதனை வைத்து 1998-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளியானது. ஒரு வாரம் கழித்து அவர்களில் நால்வரில் ஒருவருக்குத் தடுமாற்றம் இருந்தது. மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது. அறுவை எதுவும் செய்துகொள்ளாத அதே வயதினரில் அப்போது நூற்றுக்கு மூன்று பேருக்கு அப்படி இருந்தது. ஓரிரு ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை மறுபடி சோதித்தபோது, அறுவை செய்யாதவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதாவது, மறதி உண்மை, கற்பனையல்ல. ஆனால் பெரும்பாலோருக்கு மெல்ல மெல்ல விலகுகிறது. உங்கள் அம்மாவுக்குப் பத்து வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. வாரத்துக்கு வாரம் சற்றேனும் தேறுகிறாரா என்று பாருங்கள். அதுதான் நல்ல அறிகுறி.

அதற்காகச் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது சோடியம், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவச் சாப்பாட்டோடு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது மிகச் சாதாரணம். அது குறைந்தாலே நினைவு தடுமாறலாம், ஊசி போட்டால் பலருக்குத் தேறும். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு பி12-ஐ முடக்கக்கூடியது என்பதால், குறைபாடு இருந்தால் அதை எங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். அல்ப்ரஸோலத்தை இப்போதும் போடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகக் குறைத்து வெளியே கொண்டுவர மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மாத்திரையே மறதிக்கும், இரவில் வழுக்கி விழுவதற்கும் ஒரு காரணம்.

உப்பு இரண்டு முறை விழுந்தால் விழட்டும், சமையலறையிலிருந்து அவரை ஓய்வு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று காய் நறுக்கிக் கொடுங்கள், அடுப்பை மட்டும் நீங்கள் கவனியுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன நடையை ஒரு நாளும் விடக் கூடாது. வாக்கரோடு வாசல் வரை, பிறகு தெரு முனை வரை. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்கப் போகும் வழக்கம் இருந்திருந்தால், ஆட்டோ வைத்தாவது மறுபடி அழைத்துச் செல்லுங்கள், காது மெஷினோடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஆசிரியையாக வாழ்ந்தவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சியை நான் எழுதித் தர முடியாது. மூன்று மாதம் தாண்டியும் தேறவில்லை, அல்லது பண விஷயம், வழி, பழகிய முகம் இவற்றில் தடுமாற்றம் கூடுகிறது என்றால் முதியோர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. ஏற்கெனவே மெல்லத் தொடங்கியிருந்த மறதி நோய், இப்படியொரு நெருக்கடியில் முதன்முதலாக வெளியே தெரிவதும் உண்டு. அப்படி இருந்தாலும் முன்னதாகத் தெரிந்துகொள்வது நல்லதே.

முடி உதிர்வதற்கு மயக்க மருந்தைப் பழிக்க வேண்டாம். பெரிய காயமோ காய்ச்சலோ அறுவையோ வந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். சில மாதங்களில் திரும்ப வளரும்.

அண்ணியிடம் கூசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டெலிரியம் வந்தவர்களில் பலருக்கு அந்த இரவுகள் துண்டு துண்டாக நினைவிருக்கும். எது நடந்தது, எது கனவு என்று தெரியாமல் உள்ளுக்குள் புழுங்குவார்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, மறந்துவிடு" என்று வாயை அடைத்தால் அந்தப் புழுக்கம் போகாது. உட்கார வைத்து நடந்ததைச் சொல்லுங்கள். உடம்பு அப்போது அப்படி இருந்தது, இது அறுவைக்குப் பிறகு நிறையப் பேருக்கு வரும், நீ மனதில் வைத்துப் பேசவில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் அண்ணியே சொல்லட்டும். அன்று பேசியது அம்மாவின் உள்மனம் என்று யாராவது வீட்டில் சொன்னால், அது முழுத் தவறு. அதை நீங்கள் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இனி பித்தப்பை. கல் சும்மா கிடந்தால், வலி இல்லாவிட்டால், எடுக்க வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன். இரண்டு முறை வலி வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அண்ணனின் பயம் அன்பிலிருந்து வருகிறது, ஆனால் அது அவரைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது. இன்று மறுத்துவிட்டு, ஒரு நடு இரவில் காய்ச்சலோடும் சீழ் கட்டிய பித்தப்பையோடும் அவசரமாக ஓடினால், அம்மா அதே மயக்க மருந்தைத்தான் பெறுவார். கூடவே கிருமித் தொற்றும், ஆயத்தமில்லாத உடலும் இருக்கும். டெலிரியத்துக்கு அதைவிட உகந்த சூழல் வேறில்லை. வலி இப்போது அடங்கியிருந்தால், அறுவை மருத்துவரிடம் கேட்டுச் சில வாரங்கள் தள்ளிவைத்து, அம்மா நன்றாக நடந்து, சாப்பிட்டு, இரத்தம் ஊறிய பிறகு செய்யலாம். அதற்கிடையே வலது விலா எலும்புக்குக் கீழே விடாத வலி, குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மயக்க மருந்து கொடுக்க உடல் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் அனஸ்தீசியா ஃபிட்னஸுக்குப் போகும் நாளில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் அந்தப் பையில் இருக்கட்டும். "போன முறை இவருக்கு டெலிரியம் வந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்பதால் மருந்துகளை நாங்கள் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்போம். க்ளோபிடோக்ரெல்லை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா என்பதை இதய மருத்துவரும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்வோம், நீங்களாகத் தொடாதீர்கள். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் அதை மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், கேளுங்கள். காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள், பட்டினி நேரம் குறையும். திட உணவுக்கும் பாலுக்கும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை பெரும்பாலோருக்கு அனுமதி உண்டு. நள்ளிரவிலிருந்தே நாக்கு வறளப் படுக்க வைக்க வேண்டியதில்லை, உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்கு மறுநாள் வரும் தலைவலி பலருக்குக் காபி நின்றதால் வருவது. பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கியதும் கொடுத்துவிடலாம்.

கண்ணாடி, காது மெஷின், அதற்கு மாற்று பேட்டரி, பல் செட் எல்லாவற்றையும் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள், கண் விழித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். தொண்டை இரண்டு நாள் கரகரக்கும், குமட்டல் வரலாம், உடல் நடுங்கலாம். இவை தானாகப் போகும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அன்றே கட்டிலில் உட்கார வைத்து, முடிந்தால் சாயங்காலமே நான்கடி நடக்க வைக்கச் சொல்லுங்கள். பார்க்க வரும் உறவினர் கூட்டம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மாறி மாறி வந்தால் அவர் இன்னும் களைத்துப்போவார். வீட்டுக்கு வந்த பிறகு வரட்டும். முதல் மூன்று இரவுகளுக்கு யார் துணை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இரவுத் துணைக்கு அந்த மருத்துவமனை அனுமதிக்கிறதா என்று தேதி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்; ஐசியு என்றாலும் கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் பலர் இசைவார்கள். அம்மா குழம்பிப் பேசினால் வாதாட வேண்டாம். கல்யாணச் சமையல் நடக்கிறது என்றால், "இல்லவே இல்லை" என்று மல்லுக்கு நிற்காமல், நான்தான் பக்கத்தில் இருக்கிறேன், இது ஆஸ்பத்திரி, மணி இரண்டு, வயிற்றில் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுச் சிறுநீர், வலி, காய்ச்சல், சர்க்கரை, ஆக்சிஜன் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்று இரவுகளில் ஒன்றை உங்கள் அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும்.